உங்களுக்குத் தெரியுமா? 513 படி ஏறியதால் அல்ல, இறங்கியதால்தான் தொடை வலிக்கிறது!

பினாங்கு தண்ணீர்மலை முருகனைப் பார்க்க 513 படி ஏற வேண்டும். தைப்பூசம் முடிந்து வீடு திரும்பினால் தொடை விண்விண்ணென்று தெறிக்கும். "அத்தனை படி ஏறினேனே!" என்று அலுத்துக்கொள்வோம். ஏறியதால் அல்ல, இறங்கியதால்! தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குவது படி இறங்கும்போதுதான். நார்களில் நுண்ணிய கீறல்கள் விழுவதும் அப்போதுதான்!

அந்த வலி உடனே வராது. 24 மணி நேரம் கழித்துத் தலைகாட்டி, 72 மணி நேரத்துக்குள் உச்சம் தொடும். பூசத்தன்று சிரித்தவர் மூன்றாம் நாள் கழிவறையில் உட்கார முடியாமல் தவிப்பது இதனால்தான்!

முழங்கால் வலிக்காரர் படியில் எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும்? பிசியோதெரபிஸ்ட் எல்லாரும் சொல்லித்தரும் முதல் பாடம் இது. ஏறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது வலிக்கும் கால் முதலில். உலகம் முழுக்க இதே விதி!

அடுத்தது கைத்தடி. லிட்டில் இந்தியாவில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். வலது கால் வலிக்கிறவர் தடியை வலது கையில் பிடித்திருப்பார். தவறு! வலது கால் வலித்தால் தடி இடது கையில்! தடியும் வலிக்கும் காலும் ஒன்றாக முன்னே போக வேண்டும். கை மாற்றிப் பிடித்தாலே இடுப்பு மூட்டின் சுமை குறைந்துவிடும். செலவு ஒரு காசு இல்லை!

தடியின் உயரம்? நிமிர்ந்து நின்று கையைத் தொங்க விடுங்கள். மணிக்கட்டு மடிப்பு எங்கே வருகிறதோ, கைப்பிடியும் அங்கேதான் வர வேண்டும். அப்போது முழங்கை 20 முதல் 30 டிகிரி மடங்கும். தாத்தா விட்டுப்போன தடியை அப்படியே பாட்டி எடுத்துக்கொள்ளக் கூடாது, அளந்து வெட்டுங்கள்!

அக்குள் கட்டைக்கு அந்தப் பெயரே பொருந்தாது. எடை அக்குளில் விழவே கூடாது, உள்ளங்கையில்தான் விழ வேண்டும்! அக்குளுக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடைவெளி விடுங்கள். இல்லையென்றால் நரம்பு நசுங்கி, மணிக்கட்டே தொங்கிப்போகும்!

ஒரு கிலோ இளைத்தால் முழங்காலுக்கு எத்தனை கிலோ மிச்சம்? ஒன்றா? இல்லை, நான்கு! ஒவ்வோர் அடிக்கும் நான்கு கிலோ! 2005-ல் வெளிவந்த ஆய்வின் கணக்கு இது. ஐந்து கிலோ குறைந்தால் அடிக்கு இருபது கிலோ. நாசி கண்டார் தட்டில் ஒரு கரண்டி சோறு குறைத்தால் முட்டி உங்களை வாழ்த்தும்!

மூட்டை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. கோனியோமீட்டர்! பள்ளிக்கூடப் பாகைமானிக்கு இரண்டு கை முளைத்த தோற்றம். சமதரையில் நடக்க முழங்கால் சுமார் 60 டிகிரி மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90-க்கும் மேல் வேண்டும். ஜோர்ஜ்டவுன் டிரைஷா ஓட்டியின் பெடல் ஒரு முழுச் சுற்று சுற்ற ஏறத்தாழ 110! சம்மணமிட்டு வாழை இலை முன் உட்கார அதற்கும் மேலே!

முட்டி அறுவை முடிந்ததும் வீட்டார் பாசத்தோடு ஒரு காரியம் செய்வார்கள். முழங்காலுக்கு அடியில் மெத்தென்று தலையணை. வேண்டவே வேண்டாம்! முட்டி மடங்கியபடியே இறுகிவிடும். தலையணையைக் கணுக்காலுக்குக் கீழே வையுங்கள். முட்டி தானாக நீளும்!

தசைக்கும் மார்க் உண்டு. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை! அசைவே இல்லையென்றால் 0. லேசான துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. பூமியின் ஈர்ப்பை வென்று தூக்கினால் 3. முழு பலத்தோடு எதிர்த்துத் தள்ளினால் 5. பக்கவாதம் வந்தவரின் விரலில் 0 ஒரு நாள் 1 ஆகும். அந்த ஒரு மார்க்குக்குக் கண்ணீர் விட்ட குடும்பங்கள் எத்தனையோ!

இப்போது கேளுங்கள், இந்த இதழின் பொக்கிஷம் இதுதான்! 1966-ல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில் ஐந்து இளைஞர்களைப் படுக்கையில் போட்டார்கள். எல்லாருக்கும் இருபது வயது. நல்ல ஆரோக்கியம். மூன்று வாரம் எழுந்திருக்கவே கூடாது. முப்பது ஆண்டு கழித்து அதே ஐவரை மறுபடி அழைத்துச் சோதித்தார்கள். இருபது வயதில் படுத்திருந்த அந்த மூன்று வாரம் உடலின் உழைக்கும் திறனைக் குறைத்த அளவுக்கு, முப்பது ஆண்டு முதுமைகூடக் குறைக்கவில்லை! மூன்று வாரம் எங்கே, முப்பது ஆண்டு எங்கே!

முதியவர்களுக்கு இன்னும் மோசம். சராசரி 67 வயதான பன்னிரண்டு பேர். நோய் நொடி இல்லாதவர்கள். பத்தே பத்து நாள் படுக்கை. கால்களில் கரைந்த தசை ஏறத்தாழ ஒரு கிலோ! 2007-ல் அச்சான ஆய்வு இது. "பாட்டி, நீங்க படுத்தே இருங்க, நாங்க பார்த்துக்கிறோம்" என்று இனி யாராவது சொன்னால் இந்தப் பத்தியைப் படித்துக் காட்டுங்கள்!

மாரடைப்பு வந்தவரை ஒரு காலத்தில் நான்கு முதல் ஆறு வாரம் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். பாஸ்டனில் லெவின், லௌன் என்ற இரு மருத்துவர்கள் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அவ்வளவுதான் புரட்சி! 1952-ல் அந்த நாற்காலி வைத்தியம் உலகப் புகழ் பெற்றது!

விண்வெளிக்குப் போன முதல் மலேசியரின் தொழில் என்ன? எலும்பு மருத்துவர்! 2007 அக்டோபரில் பறந்தார் ஷேக் முஸாபார் ஷுக்கோர். அங்கே எடையில்லாமல் மிதப்பவரின் எலும்பு மாதத்துக்கு ஒரு விழுக்காட்டுக்கும் மேல் கரையும். போனவர் எலும்பு நிபுணர் என்பது எவ்வளவு பொருத்தம் பாருங்கள்!

படுத்த படுக்கையாக இருப்பவரை எத்தனை மணிக்கொருமுறை புரட்ட வேண்டும்? இரண்டு மணி! இரவிலும்தான்! குதிகால், இடுப்பின் பின்புறம், முழங்கை மூன்றும் முதலில் புண்ணாகும் இடங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்துங்கள். வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண்ணின் முதல் படி தொடங்கிவிட்டது!

படுத்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள். கெண்டைக்கால் தசை இரத்தத்தை இதயத்துக்குத் தள்ளும். மருத்துவர்கள் அதற்கு வைத்த பட்டம் இரண்டாம் இதயம்!

படுக்கையிலிருந்து சடக்கென்று எழுப்பாதீர்கள். முதலில் விளிம்பில் உட்கார வைத்துக் காலைத் தொங்க விடச் சொல்லுங்கள். ஓரிரு நிமிடம் போதும். தலைசுற்றி விழுவது குளியலறையில் மட்டுமல்ல, கட்டிலடியிலும் தொடங்கலாம்!

வீல்சேரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்? பலமான பக்கம்! பிரேக் போட்டு, கால்மிதியை மடித்துவிட்டு, அப்புறம்தான் ஆளைத் தூக்க வேண்டும். தூக்குவதும் கையைப் பிடித்து அல்ல. இடுப்பில் கட்டும் அகலமான பெல்ட்டைப் பிடித்து! இங்கே கொஞ்சம் நிற்கிறேன், இது முக்கியம். பக்கவாதம் வந்த கையை இழுத்து எழுப்பவே கூடாது. தோள் மூட்டைப் பிடித்திருக்கும் தசைகள் செயலிழந்து கிடக்கின்றன. ஓர் இழுப்பில் தோள் இறங்கிவிடும். மாதக்கணக்கில் வலி! அக்குளுக்குள் கைவிட்டுத் தூக்குவதும் அதே தவறு. அன்போடு செய்கிற காரியத்தில் இத்தனை ஆபத்து!

கடை வாசல் அஞ்சடி நடைபாதையில் வீல்சேர் தள்ளியிருக்கிறீர்களா? ஒரு கடைக்கும் அடுத்த கடைக்கும் தரை ஒரே மட்டமாக இருக்காது. உலகமெங்கும் பின்பற்றும் சரிவுக் கணக்கு ஒன்றுக்குப் பன்னிரண்டு. வெறும் 15 சென்டிமீட்டர் படிக்கு எவ்வளவு நீளப் பலகை வேண்டும்? 180 சென்டிமீட்டர்! ஓர் ஆள் நீளம்!

நெஞ்சுச் சளிக்கும் பிசியோ உண்டு! இருமி இருமி ஓய வேண்டாம். வாயைத் திறந்து, கண்ணாடியில் ஆவி படிய ஊதுகிற மாதிரி "ஹஹ்" என்று ஊதுங்கள். ஹஃப் என்று இதற்குப் பெயர். இருமலைவிடக் களைப்பு குறைவு, சளி மேலே வந்துவிடும்!

படுக்கையில் புரண்டதும் அறையே சுற்றுகிறதா? காதுக்குள் கல்! ஆமாம், நம் எல்லார் காதுக்குள்ளும் நுண்ணிய படிகங்கள் இருக்கின்றன. இடம் மாறினால் தலை சுற்றும். அவை எதனால் ஆனவை தெரியுமா? கால்சியம் கார்பனேட். பத்துமலைக் குகையின் சுண்ணாம்புப் பாறையும் அதேதான்! 1980-ல் ஜான் எப்லி என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு வழி சொன்னார். தலையை வரிசையாகச் சில கோணங்களில் திருப்பிப் படுக்க வைப்பது. மாத்திரை இல்லை, ஊசி இல்லை. சில நிமிடங்களில் கல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்!

கழுத்தளவு தண்ணீரில் நின்றால் உங்கள் எடையில் காலுக்கு மிஞ்சுவது பத்தில் ஒரு பங்குதான்! இடுப்பளவில் பாதி! நடக்க முடியாதவர் நீச்சல்குளத்தில் நடப்பது மந்திரமல்ல, கணக்கு!

பர்மா சாலை அட்வென்டிஸ்ட் மருத்துவமனை 1924-ல் தொடங்கியது. அட்வென்டிஸ்ட் திருச்சபையின் மருத்துவர்கள் நீர் வைத்தியத்தை உலகமெங்கும் கொண்டுபோனவர்கள். அவர்களில் பெரும்புள்ளி அமெரிக்காவின் ஜான் ஹார்வி கெல்லாக். சூடும் குளிரும் மாற்றி மாற்றி ஒத்தடம் கொடுப்பது உட்பட நீர் வைத்தியத்தைப் பற்றி ஆயிரம் பக்கத்துக்கும் மேல் எழுதிய மனிதர். பெயர் எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? காலையில் பாலில் போட்டுச் சாப்பிடும் கார்ன்ஃபிளேக்ஸ்! அதே கெல்லாக்!

பிசியோ அறையின் அல்ட்ராசவுண்டு கருவி வினாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது? பத்து லட்சம்! சில தலைப்புகளில் முப்பது லட்சம்! மனிதக் காது கேட்பது அதிகபட்சம் இருபதாயிரம். ஏன் குளுகுளு ஜெல் தடவுகிறார்கள்? நடுவில் காற்று இருந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேல் ஒலி திரும்பி ஓடிவிடும்!

உருக்கிய மெழுகில் கையை முக்கி எடுக்கும் சிகிச்சையும் உண்டு. சூடு 52 டிகிரிக்கும் மேல்! தண்ணீர் அந்தச் சூட்டில் இருந்தால் கை பொறுக்காது. மெழுகில் சுகமாக இருக்கும்!

மின்சாரத்தால் வலி போக்குவது புதிதா? முதல் நூற்றாண்டிலேயே ரோமாபுரி மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் கீல்வாதக்காரருக்கு எழுதிக் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? கடற்கரையில் உயிருள்ள மின்மீன் மேல் காலை வைத்து நில்! முழங்கால்வரை மரக்கும் மட்டும் நில்! இன்றைக்கு அதே வேலையைச் சட்டைப் பைக்குள் அடங்கும் டென்ஸ் பெட்டி செய்கிறது. 1965-ல் மெல்சாக், வால் இருவரும் முதுகுத்தண்டில் வலிக்கு ஒரு கதவு உண்டு என்றார்கள். கால் இடித்துக்கொண்டதும் கையால் தேய்க்கிறோமே, அப்போது நாமே அந்தக் கதவைச் சாத்துகிறோம்!

நியூசிலாந்து, 1956. முதுகுவலிக்காரர் ஒருவர் மேசையில் குப்புறப் படுத்தார். தலைப்பக்கம் தவறுதலாக உயர்த்தியே இருந்தது. பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கென்சி திரும்பி வர சில நிமிடம் ஆகிவிட்டது. பதறிப்போய்ப் பார்த்தால், வாரக்கணக்கில் இருந்த கால்வலி காணோம்! அந்தத் தற்செயலிலிருந்துதான் மெக்கென்சி முறை பிறந்தது. இன்று உலகமெங்கும் குப்புறப் படுத்து முதுகை வளைக்கிறார்கள்!

சுளுக்கினால் ஓய்வு, ஐஸ், கட்டு, காலைத் தூக்கி வை. 1978-ல் இந்த மந்திரத்தை எழுதியவர் கேப் மிர்கின். 2014-ல் அதே மிர்கின் சொன்னார்: ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம்! 36 ஆண்டு கழித்துச் சொந்தச் சொல்லையே திருத்திய மனிதர். எனக்கு அவர்மேல் மரியாதை கூடிவிட்டது!

இப்போது தமிழர் பெருமை! கை வெட்டப்பட்டவருக்கு இல்லாத கை வலிக்கும். விரல்கள் இறுக மூடி, நகம் உள்ளங்கையில் குத்துவது போல வலிக்கும். திறக்க முடியாது, கையே இல்லையே! சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியை நடுவில் நிறுத்தினார். நல்ல கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரிந்தது. நல்ல கையை விரித்தார் நோயாளி. இல்லாத கையும் விரிந்தது! வலி இறங்கியது! 1999-ல் இதே கண்ணாடி பக்கவாத நோயாளிகளுக்கும் வந்துவிட்டது. கோடிக்கணக்கில் கருவி வாங்கும் உலகத்தை ஒரு கண்ணாடி அசத்தியது!

வேலூருக்குப் போவோம். 1954-ல் கார் விபத்து. இளம் மருத்துவர் மேரி வர்கீஸுக்கு இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லை. வேறு யாராக இருந்தாலும் முடிந்தது கதை. அவர் என்ன செய்தார்? வீல்சேரில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார்! நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். 1966-ல் வேலூரில் நோயாளிகள் தங்கியே சிகிச்சை பெறும் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. இந்தியாவில் அப்படி ஒன்று அதுவே முதல்! 1972-ல் பத்மஸ்ரீ! எத்தனை முறை படித்தாலும் உடம்பு சிலிர்க்கிறது.

அவருக்குக் கை அறுவை கற்றுத்தந்த பால் பிராண்ட் வேலூரில் ஒரு மர்மத்தை உடைத்தார். தொழுநோயாளிகளின் விரல் இரவில் காணாமல் போனது. குற்றவாளி எலி! உணர்வில்லாத விரலைக் கடித்தாலும் ஆள் விழிக்கவில்லை. பிராண்ட் எழுதிய மருந்து? ஆளுக்கொரு பூனை! நீரிழிவால் பாதம் மரத்தவர்கள் தினமும் இரவில் உள்ளங்காலைப் பார்க்கச் சொல்வது இதே காரணத்துக்காக!

நீரிழிவு என்றதும் தோள் ஞாபகம் வருகிறது. கை மேலே தூக்க முடியாமல் இறுகும் உறைந்த தோள், நீரிழிவுக்காரருக்கு மற்றவரைவிடப் பல மடங்கு அதிகம். மலேசியாவில் 2023 தேசிய சுகாதார ஆய்வுப்படி பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. ஏறத்தாழ ஆறில் ஒருவர்! உறைந்த தோளுக்கு மருந்து நம் வீட்டுச் சுவர்தான். விரல்களைச் சுவரில் மேலே மேலே நடக்க விடுங்கள். எட்டிய இடத்தில் பென்சில் கோடு. அடுத்த வாரம் கோடு ஏறும்!

ஒரு சின்னச் சோதனை, இப்போதே! கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து 30 வினாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடியும்? சுவரோரம் போட்ட உறுதியான நாற்காலி, பக்கத்தில் ஓர் ஆள். 60 முதல் 64 வயது ஆணுக்கு 14, பெண்ணுக்கு 12. அதற்குக் கீழே போனால் விழும் அபாயம் கூடுகிறது!

இன்னொன்று. எழுந்து, 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்கார 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம்!

உங்கள் களைப்பே நாடித்துடிப்பைச் சொல்லும்! சுவீடன்காரர் குன்னார் போர்க் 6 முதல் 20 வரை ஓர் அளவு வகுத்தார். விசித்திரமான எண்கள், இல்லையா? ஆரோக்கியமானவர் "எனக்கு 13" என்று சொன்னால் பத்தால் பெருக்குங்கள். நாடி சுமார் 130!

ஜோர்ஜ்டவுன் மகள் நிக்கோல் டேவிட் ஸ்குவாஷில் உலக முதலிடத்தில் தொடர்ந்து இருந்தது 108 மாதம்! அந்த ஆட்டத்தின் உயிர் ஒரு காலை முன்வைத்து மடக்கும் லஞ்ச். பிசியோ அறையில் முட்டிக்காரருக்குக் கடைசியாகச் சொல்லித்தரும் பாடங்களில் அதுவும் ஒன்று!

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் கை அடிபட்டவர் வீட்டிலேயே முடங்க வேண்டியதில்லை. தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பான சொக்சோ 2007-லேயே வேலைக்குத் திரும்பும் திட்டம் தொடங்கிவிட்டது. 2014-ல் மலாக்காவில் ஒரு பெரிய மறுவாழ்வு மையமே திறந்தது. ரோபோ பிடித்து நடக்கப் பழக்குகிறது!

பக்கவாதம் வந்தவர்களுக்காக 1996-ல் நாசாம் சங்கத்தைத் தொடங்கியவர் யார்? டாக்டரா? இல்லை, ஜேனட் இயோ, அவரே பக்கவாதத்திலிருந்து எழுந்து வந்தவர்! பினாங்கிலும் அவர்கள் மையம் உண்டு.

யார் வேண்டுமானாலும் பிசியோதெரபிஸ்ட் என்று பலகை மாட்டலாமா? முடியாது! மலேசியாவின் சட்டம் 774-ன்படி பதிவு செய்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், அது உங்கள் உரிமை!

பார்க்கின்சன் நோயில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வாசலில் நின்றவர் நின்றபடியே! தரையில் குறுக்கே சில பட்டைக் கோடுகள் ஒட்டுங்கள். கோட்டைத் தாண்டுகிறேன் என்று நினைத்த நொடியில் கால் எழும்பிவிடும். தாளம் தட்டினாலும் நடப்பார். உறுமி மேளத்துக்கு ஏன் கால் தானாக ஆடுகிறது என்று இனி கேட்காதீர்கள்!

வலது கை மாவுக்கட்டில். இடது கைக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால்? வலது கையும் பலம் பெறும்! 1894-லேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் கண்டார்கள். கட்டுப்போட்ட கை சும்மா கிடக்கிறது, மூளை சும்மா கிடக்கவில்லை!

அசைக்கவே வேண்டாம், நினைத்தாலே போதும்! 1992-ல் ஒரு குழு சுண்டுவிரலை விரித்து விரித்துப் பயிற்சி செய்தது. பலம் 30 விழுக்காடு கூடியது. இன்னொரு குழு விரலை அசைக்கவே இல்லை. விரிப்பதாக மனத்தில் கற்பனை மட்டும் செய்தது. அவர்களுக்குக் கூடியது எவ்வளவு தெரியுமா? 22 விழுக்காடு!